பதினான்காம் கட்டம்

ரிமாவா ஆற்றங்கரையில்
ஸ்பிரிங் செய்யும் பட்டறை.
பதினோரு பேர், ஒரே ஒரு கெட்டில்.
நான் நீட்டிய மானிய விண்ணப்பத்தை
எண்ணெய்க் கையோடு வாங்கினாள் திராஹோமிரா.

பதினான்காம் கட்டம்:
புதிதாக எத்தனை வேலைகள்?
பூஜ்யம் போட்டாள்.

பூஜ்யத்துக்குப் பணம் வராதே என்றேன்.

'பதினோரு பேரை
ஊரைவிட்டுப் போகவிடாமல் வைத்திருக்கிறேன்.
அதற்குக் கட்டம் எங்கே?'
புரட்டிப் பார்த்தேன். இல்லை.

அக்கரையில் கார் சீட் கம்பெனியின் வெற்றுக் கூரை.
அதற்காக நாங்கள் சாலை போட்டோம்,
பத்து வருஷம் வரி கேட்காமல் இருந்தோம்.
பதினோராம் வருஷம்
போல்ட்டுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
நல்ல சாலை.
பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள்.

மெஷினை நிறுத்திவிட்டு இம்ரிக் கேட்டான்:
'திங்கட்கிழமை லின்ஸுக்குப் போய்
வியாழக்கிழமை திரும்பி வந்தால்
நான் புதுசுதானே?'

பட்டறையே சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
லாக்கர் மேல் அவன் பெட்டி
ஒரு வாரமாக இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில்
பூஜ்யத்துக்கு இடப்பக்கம்
பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.
பத்து ஆயிற்று.

ஒருவர் குறைகிறார்.