முப்பத்தாறு மில்லியம்பியர்

இரண்டு வால்வில் ஒன்று
சனிக்கிழமை ஒத்திகையின் நடுவில் சிவந்தது.
அடுப்பில் மறந்துவிட்ட தோசைக்கல் போல
உள்ளே இருந்த தகடு
முதலில் மங்கலாக, பிறகு வெட்கமில்லாமல்.
யூலியாதான் முதலில் கண்டாள்.
"மணக்குது" என்றாள், பேஸை நிறுத்தாமலே.
நான் சுவிட்சுக்குக் கை நீட்டுமுன்
பியூஸ் தன் கடமையைச் செய்திருந்தது.

பீல் நகரில் எங்கள் ஒத்திகை அறை ஒரு பங்கர்.
இரண்டு சாண் தடிப்பில் கொங்கிரீட் கதவு,
வராத போருக்காகக் கட்டியது.
மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு பிராங்,
கோப்பிக்குத் தனி.
அந்தச் சொல்லை அம்மாவிடம் நான் சொல்வதில்லை.
"நிலவறை" என்பேன்.
அவள் விளங்கிக்கொண்டுதான் "ம்" என்கிறாள்.

திங்கள் மாலை, எஷ்லிமானின் கடை.
மணிக்கூடு திருத்துகிறவர்களின் தெருவில்
நேரம் பார்க்காத ஒரே மனிதர்.
நாலு பெட்டிகளை மேசையில் வைத்தார்.
ரஷ்யாவில் செய்தது முரடு, விழுந்தாலும் சாகாது.
ஸ்லொவாக்கியாவில் செய்தது
நடுச்சுருதியை முன்னுக்குத் தள்ளும்,
அடுத்தவர் கதைக்குள் புகுந்து கதைக்கும் மச்சான் மாதிரி.
என்னிடம் மிஞ்சியதும் அதுதான்.
சீனத்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை,
விலையை மட்டும் தொட்டுக் காட்டினார்.
கடைசிப் பெட்டி பழுப்பேறியது.
கண்ணாடியில் ஒரு முத்திரை:
இப்போது வரைபடத்தில் இல்லாத ஜெர்மனி.
ஒருமுறையும் சூடேறாதவை.
நாடு முடிந்து எத்தனையோ வருடம்,
வெற்றிடம் இன்னும் கெடவில்லை.
உச்சியில் வெள்ளிப்பூச்சைப் பார் என்றார்,
காற்று புகுந்தால் பால்போல் வெளுத்துவிடும்.
வெளுக்கவில்லை.
விலையைக் கேட்டேன்.
இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப வைத்தேன்.

ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும்
அளந்து பார்த்துப் பென்சிலால் எழுதியிருந்தார்.
முப்பத்தாறு, முப்பத்தாறு.
முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு.
"ஒன்று போனால் இரண்டையும் மாற்று.
சோடியாகத்தான் வாங்கவேணும்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
என் சாதகத்துக்கும் ரமணீதரனின் சாதகத்துக்கும்
பத்தில் ஒன்பது பொருத்தம்.
எந்த மீட்டரில் அளந்தார்களோ,
நாலு குளிர்காலம் தாண்டவில்லை.
இதை ஜெர்மனில் சொல்ல எனக்குத் தெரியாது.
ஆகவே இருமினேன்.

அவர் ஒரு கடிதஉறையில் படம் கீறினார்.
ஒன்று தள்ள, மற்றது இழுக்க,
சரியாகப் பொருந்தினால்
ஒன்றின் உறுமலை மற்றது தின்றுவிடும்.
"கொஞ்சம் பொருந்தாவிட்டால்?"
"உறுமும்," என்றார். "ஆனால்..."
அந்த ஆனாலை முடிக்காமல் குனிந்து
லாச்சியிலிருந்து ஒரு தனி வால்வை எடுத்தார்.
அதே பழுப்புப் பெட்டிக் குடும்பம்,
துணை தபாலில் உடைந்து வந்ததாம்.
முப்பத்துநாலு.
இருபது பிராங்.

இரவு, குசினி மேசை.
இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.
நானூற்றைம்பது வோல்ட்டை
இரண்டு கையாலும் கும்பிடக்கூடாது.
எட்டுக் காலும் பள்ளத்தில் இறங்கின.
முதலில் செம்மஞ்சள்.
பிறகு கண்ணாடி ஓரம் ஒரு நீலம், கசிவு மாதிரி.
பயாஸ் திருகை மயிரிழை திருப்பி,
மீட்டரைப் பார்த்து,
இன்னொரு மயிரிழை.
முப்பத்தேழு. முப்பத்துநாலு.
அதற்குமேல் நெருங்க மாட்டார்கள்.

அடுத்த அறையில் யாரோ உறங்குவதுபோல்
ஒரு மெல்லிய உறுமல்.
ஈ மைனர் அடித்தேன்.
சத்தத்தின் ஓரத்தில் ஏதோ தடித்தது,
பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு
வெறுந்தேத்தண்ணி குடித்த மாதிரி.
எஷ்லிமான் முடிக்காத வசனம் இதுவாக இருக்கலாம்.
அல்லது நான் இருபது பிராங்கை
நியாயப்படுத்துகிறேன்.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.
பத்துக்குப் பிறகு இந்தக் கட்டடத்தில்
குழாய்த் தண்ணீரும் காலடியை மெதுவாக வைக்கும்.
கீழ்வீட்டு ஸ்பிண்டன் மனுசி
தும்புத்தடியோடு காத்திருப்பாள்.
இன்னும் ஒன்று அடித்தேன், கொஞ்சம் பலமாக,
முடியும்வரை கையெடுக்காமல்.

தட்டினாள்.
அரை மாத்திரை பிந்தி.