தட்டிவிட்டுத் திற

குரா ஆற்றுக்கு அப்பால் மகளிர் சிறை,
இரண்டாம் தளம், ஒன்பதாம் அறை.
செவ்வாய்தோறும் பத்து மணிக்கு
ஏழு நாற்காலிகளை வட்டமாகப் போடுவேன்.
பத்தரைக்குள் அவை சுவரோரம் வரிசையாகிவிடும்,
பேருந்து வராத நிறுத்தம் போல.
கதவுக்கு முதுகு காட்டி உட்கார
ஒருத்திக்கும் மனமில்லை.

மருத்துவர் எலிசோ திட்டவில்லை.
தன் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுத்
தன் முதுகைக் கதவுக்குக் கொடுத்தாள்.
"யார் வந்தாலும் முதலில் நான்தானே?"
அன்றுதான் சியாலா சிரித்தாள்.
அவளுக்குப் பன்னிரண்டு வருஷம்.
வெங்காயம் நறுக்கும் கத்தியை
நீதிமன்ற மேசைமேல் வைத்துக் காட்டினார்கள்.
அதற்கு முந்தைய பத்தொன்பது வருஷங்களை
யாரும் எடுத்து வைக்கவில்லை.

என்னிடம் எலிசோ கேட்டது இரண்டே:
சாவிக்கொத்தைக் குலுக்காதே.
கதவைத் தட்டிவிட்டுத் திற.

எனக்குச் சிரிப்பு வந்தது.
சிறையில் யாரம்மா கதவு தட்டுவது?
பூட்டு என்னுடையது, தாழ் என்னுடையது,
கேட்டுவிட்டு நுழைய நான் என்ன விருந்தாளியா?

ஆனாலும் சாவிகளை
மகனின் பழைய கம்பளிக் காலுறைக்குள் போட்டுக்கொண்டேன்.
நடைக்கூடத்தில் என் சத்தம் இல்லாமல் நான் போவது
எனக்கே விநோதமாக இருந்தது.
தட்டினேன். உள்ளே மூச்சு நின்றது.
தட்டுவதும் அவர்களுக்கு அடிதான் போல.
மறுவாரம் தட்டிவிட்டுப் பெயரையும் சொன்னேன்:
"நான்தான், மக்வாலா."
பதில் இல்லை. காத்து நின்றேன்.
கைதியின் பதிலுக்குக் காத்து நிற்கும் காவலாளியை
மற்றக் காவலாளிகள் சும்மா விடுவார்களா?
ஒரு மாதம் என் பெயரே காலுறை.
ஐந்தாம் வாரம் உள்ளிருந்து நஸிப்ரோலாவின் குரல்,
இருமலோடு:
"வா."

குணமாவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.
அதை எழுத எலிசோவிடம் படிவங்கள் உண்டு.
நான் பார்த்தது இது:
மார்ச் மாதம், ஆள் எண்ணும் நேரம், தட்டினேன்.
நாற்காலிகள் வட்டமும் இல்லை, வரிசையும் இல்லை,
கடித்த ரொட்டியின் விளிம்பு போல ஏதோ.
கதவுக்கு முதுகு காட்டிச் சியாலா.
மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையைப் பற்றி
என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
தோள் ஒருமுறை துள்ளியது.
திரும்பவில்லை.
"பொறு" என்றாள், எனக்குத்தான்.
பூனையை மரத்திலிருந்து இறக்கிவிட்டு
அப்புறம்தான் எழுந்தாள்.

அன்று இரவு என் வீட்டில்
பூட்டில் கணவனின் சாவி திரும்பியபோது
எந்த நாற்காலியில் இருக்கிறேன் என்று
குனிந்து பார்த்தேன்.

சுவரோரத்தில்.