முப்பத்தாறில் ஒன்று

விஸ் தீவில் வீடு வாங்க வருகிறவர்கள்
முதலில் கடலைப் பற்றிக் கேட்கிறார்கள்,
அப்புறம் விலையை.
திரும்பும் கப்பலுக்கு நேரமாகிவிட்ட பிறகுதான்
"பத்திரமெல்லாம் சரிதானே?" என்கிறார்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை, அவருடைய குமாஸ்தா.
ஸ்ப்ளிட் நகரில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
பதினேழு வருடமாக வில்லங்கம் பார்க்கிறேன்.

யெர்கோவினுடையது கல் வீடு,
எண்பத்து நான்கு சதுர மீட்டர், பச்சை சன்னல் மூன்று.
பதிவேட்டைப் புரட்டினால்
அதில் யெர்கோ இல்லை, அவர் அப்பாவும் இல்லை.
முப்பத்தொன்றில் செத்துப்போன துயே என்பவர்
இன்னமும் உரிமையாளராய்க் குடியிருக்கிறார்.

அவர் பெயருக்குக் கீழே ஒரு கடன்.
1909. நானூறு குரோனா. படகு வாங்க.
ஈடு: மேற்படி வீடு. வட்டி நூற்றுக்கு ஆறு.
அசலும் வட்டியும் தீர்ந்தனவா, தெரியாது.
கடன் கொடுத்த ஒயின் வியாபாரி இல்லை,
குரோனா இல்லை,
குரோனாவை அச்சடித்த பேரரசும் இல்லை.
அடமானம் மட்டும் இருந்தது
மை காயாததுபோல.

"இதை யாரிடம் கட்டுவது?" என்றார் யெர்கோ,
நிஜமாகவே பர்ஸை எடுத்துக்கொண்டு.

மனு போட்டோம். உரியவர் வரலாம் என்று
நீதிமன்றச் சுவரில் ஒட்டிய காகிதம்
வெயிலில் பழுத்து மூலை சுருண்டது.
எவரும் வரவில்லை. ஒரு கோடு போட்டு அடித்தார்கள்.

செத்தவர்கள் இப்படித்தான், தொல்லை தரமாட்டார்கள்.

துயேவுக்குப் பிள்ளைகள் ஆறு பேர்,
ஆறில் ஒருத்திக்கு ஆறு.
அந்தக் கிளையின் கடைசி நுனி சிலி தேசத்தில்,
அன்டோஃபகஸ்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நெலிடா.
மற்ற எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று,
ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், இடது கையால்.
நெலிடா மட்டும் தொலைபேசியில் கேட்டாள்:
"என் பங்கு எவ்வளவு?"
முப்பத்தாறில் ஒன்று.
"அடியில் சொல்லுங்கள்."
இரண்டேகால் சதுர மீட்டர், கொஞ்சம் கூட.
ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.

"வீட்டில் அது எந்த இடம்?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
சட்டம் சொல்வதைச் சொன்னேன்:
பிரிபடாத பாகம், அம்மா. தனி இடம் கிடையாது.
ஒவ்வொரு கல்லிலும் முப்பத்தாறில் ஒன்று உங்களுடையது,
படியில், ஓட்டில், கதவின் தாழ்ப்பாளில்.

"சன்னலிலுமா?"
சன்னலிலும்தான்.

வெகுநேரம் பேருந்தின் இன்ஜின் சத்தம் மட்டும்.
பிறகு, "உலகத்தில் எனக்கென்று வேறு நிலம் இல்லை.
விற்கமாட்டேன்" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டாம். சரியாகத்தான் சொன்னேன்,
இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏனென்றால் யெர்கோ அச்சாரம் வாங்கிவிட்டார்,
டென்மார்க்கிலிருந்து வந்த இங்கெர், தோர்கில் தம்பதியிடம்,
பத்தாயிரம் யூரோ, எங்களைப் பார்க்கும் முன்பே,
ஒரு காப்பிக் கடையில், கையெழுத்துப் போட்டு.
வாங்குகிறவர் பின்வாங்கினால் அச்சாரம் போகும்,
விற்கிறவரால் முடியாவிட்டால் இரட்டிப்பாய்த் திருப்ப வேண்டும்.
காசு எங்கே என்றேன்.
படகுக்குப் புது இன்ஜின் போட்டாராம்.

மீதி முப்பத்தைந்து பாகத்தை மட்டும் வாங்கலாமே
என்று இங்கெர் கேட்டாள். சட்டப்படி வாங்கலாம்.
அவர்கள் வங்கிதான் கேட்டுவிட்டுச் சிரித்தது:
முகம் தெரியாத பங்காளியோடு சேர்த்து
யார் ஈடு வாங்குவார்கள்?

நேற்று யெர்கோ வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு
அடங்கும்வரை நின்றார், உட்காரவில்லை.
"படகை அடமானம் வைக்கலாமா?"
வைக்கலாம், என்றேன்.
பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது?

தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
பதில் சொல்லவில்லை.
நான் புதுக் கோப்பு ஒன்றை எடுத்து
எண் எழுதினேன்.