கன்னு

"கன்னு தெரவண்டி" என்றாள் நர்ஸ்.
சித்தூர் ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணி.
பரதராமிக்காரிக்குத் தெலுங்கு புதிதில்லை.
ஆனாலும் கட்டுக்குள் கிடந்தவள் காதில்
மாங்கன்னு என்றுதான் விழுந்தது.
ஒரு கன்றை எப்படித் திறப்பது?

பிளாஸ்திரி பிரிந்தது.
முதலில் வந்தது முகமில்லை.
மூலையில் கிடந்த பிளாஸ்டிக் வாளியின் நீலம்.
இத்தனை நீலத்தை
என் பங்கிலிருந்து யார் எடுத்துத் தின்றது?

அப்போது எனக்குப் பத்து, தேசிங்குக்குப் பன்னிரண்டு.
அவன் எறிந்த கல் மாங்காயைத் தொடவில்லை,
கிளையில் பட்டுத் திரும்பியது.
ரத்தத்தைவிட அன்று அதிகம் பேசப்பட்டது
தோப்பு யாருடையது என்பதுதான்.
வேலூர் போக பஸ் காசு இருந்தது,
போகச் சொல்ல ஆளில்லை.
மாதக் கடைசியில் இடக்கண்ணில் பால் உறைந்து
இருபத்தேழு வருஷம் தயிராகாமல் நின்றது.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு
என் வலப்பக்கத்தைக் காட்டி உட்காரவைத்தார்கள்.
மூன்றாவதாக வந்தவர் எழுந்து
இடப்பக்கம் வந்து உட்கார்ந்து காபி கேட்டார்.
அவரையே கட்டிக்கொண்டேன்.

குடிபாலா தாண்டி மாங்கூழ் கம்பெனி.
பெல்ட்டில் கிளிமூக்கு வரும், அழுகலைப் பொறுக்கவேண்டும்.
இடப்பக்கத்து அழுகலை நான் மூக்கால் பார்ப்பேன்.
தவறினால் சூப்பர்வைசர் கத்துவார்,
"ஏமம்மா, கனபட லேதா?"
லேது சார், லேது.

இப்போது அதே பழம் இரண்டு மஞ்சள்.
புதுக்கண்ணுக்கு வெளுத்த மஞ்சள்,
பழைய கண்ணுக்கு டீ சிந்திய மஞ்சள்.
எது பழத்தின் சொந்த நிறம் என்று கேட்டதற்கு
இரண்டும்தான் என்றார் டாக்டரம்மா.
கூலி கேட்டாலும் இப்படித்தான்,
வாயில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று.

சாயங்காலமானால் எல்லாம் இரட்டிக்கும்.
இரண்டு நிலா. இரண்டு செக்போஸ்ட்.
மாநில எல்லையும் இரண்டு கோடாகி
நடுவில் ஒரு முழ நிலம்
யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும்.
கண் இரண்டும் பேசிப் பழக
ஆறு மாதம் ஆகுமாம்.

டம்ளர் விளிம்பைக் கெட்டிலால் தொடாமல் டீ ஊற்றினேன்.
பாதி அடுப்பில்.
மறுநாள் கொஞ்சம் குறைவு.

அந்தத் தோப்பு வழியாகப் போகிறேன்.
காலண்டர் படம்போல் தட்டையாக ஒட்டியிருந்த மரத்தில்
கிளைக்குப் பின்னால் கிளை இருக்கிறது.
ஒவ்வொரு காயும் அதனதன் தூரத்தில் தொங்குகிறது.
எவ்வளவு இடம் இருந்திருக்கிறது
ஒரு கல் வேறெங்காவது போக.

பதினோரு வருஷமாகக் கம்பெனி வேன் ஓட்டுவது தேசிங்குதான்.
நாங்கள் ஏறும்போது இறங்கி வந்து
என் இடப்பக்கமே நிற்பான்.
என் பார்வையில் படாமல் ஒதுங்குகிறான் என்று
நானும் விட்டுவிட்டேன்.
எல்லோர் தலையும் அந்தக் கதவில் இடிக்கும்,
எனக்கு இடித்ததில்லை.
குள்ளம் என்பதால் தப்பித்தேன் என்றிருந்தேன்.

திங்கட்கிழமை கண்டேன்.
கதவின் மேல்முனையில் துருத்திய தகரத்தை
அவன் உள்ளங்கை பொத்தியிருந்தது.
தகரம் பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கை.

"கையை எடு" என்றேன்.
எடுத்தான்.
தூரம் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை,
நங்கென்று நெற்றியில் பட்டது.
உள்ளே ஏழு பெண்களும் சிரித்தார்கள்.
நெற்றியைத் தேய்த்துக்கொண்டே திரும்பி
இரண்டு கண்ணாலும் அவனைப் பார்த்தேன்.

இரண்டு தேசிங்குகள் நின்றார்கள்.
ஒருவனுக்குப் பன்னிரண்டு வயது என்று சொல்ல ஆசைதான்.
இல்லை.
இருவருக்குமே நரைத்திருந்தது.