நிறுவிய தேதி

மஹ்பூலா, நான்காம் மாடி, வெள்ளிக்கிழமை.
ஏசி சொட்டும் நீருக்கு வாளி வைத்துவிட்டு
லூர்துராஜின் மடிக்கணினியைத் திறக்கிறேன்.
பழைய சாமான் சந்தையில் பதினெட்டு தினாருக்கு வாங்கியது.
விசைகளில் அரபி எழுத்து.
இடைவெளிக் கட்டை மட்டும் தேய்ந்து வழுக்கை.

உலாவியைத் தட்டினால் பாதித் திரைக்குப் பட்டைகள்.
பட்டைக்கு மேல் பட்டை, அதன் மேல் இன்னொன்று,
சாரம் பிரிக்காத கட்டடம் மாதிரி.
அடியில் ஒண்டுக் குடித்தனமாய்
நாலு விரல் அகலத்துக்கு இணையம்.

"உங்களுக்கு மிக அருகில் ஒரு பெண் காத்திருக்கிறாள்"
மூலையிலிருந்து துள்ளுகிறது ஒரு சன்னல்.
இந்தத் தளத்தில் நாற்பத்தோரு ஆண்கள்,
இரண்டு குளியலறை.
"எந்த ரூம்னு கேளு மாப்ளே"
அடுப்படியிலிருந்து பக்கீர்மைதீன்.

"நான் ஒண்ணுமே செய்யல தம்பி" என்கிறார் லூர்துராஜ்.
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.
அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து.
மூன்றாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில்
நமக்காக அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்கள்.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
திருச்சியில் ஏஜெண்ட் நீட்டிய தாளில்
ஏசி மெக்கானிக் என்று நம்பி நான் போட்ட கையெழுத்து
குவைத்தில் இறங்கியதும் ஹெல்பர் ஆனது.

கண்ட்ரோல் பேனலில் எல்லாம் நல்ல பிள்ளைப் பெயர்கள்:
உதவியாளன், சேமிப்பான், காவலன்.
எந்தத் திருடன் தன் பெயரைத் திருடன் என்று வைத்தான்.

நிறுவிய தேதி மேல் ஒரு தட்டு.
பதினான்கும் ஒரே நாள். ஆகஸ்டு ஒன்பது.
கோப்புறைக்குள் போனால் மணியும் தெரிகிறது:
இரவு ஒன்று பத்திலிருந்து மூன்று வரை.
நாலு மணிக்கு அவருக்கு சைட் பஸ்.

"அன்னிக்கு என்னண்ணே தேடுனீங்க?"

பனியனால் முகத்தைத் துடைத்தார்.
மெமரி கார்டு செத்துப்போச்சாம்.
நாற்பது நாள் லீவு, மகளுக்கு ரெண்டு பல்,
அத்தனையும் அதில்.
அழிந்த படம் மீட்கப்படும், இலவசம் என்று
போர்டு மாட்டிய கதவையெல்லாம் தட்டியிருக்கிறார்.
ஒவ்வொருவனும் கூடவே நாலு பேரை அனுப்பியிருக்கிறான்.

பதின்மூன்றை எடுத்தேன். லேசில் போகவில்லை.
ஒன்று, குறுக்குவழியின் வாலில்
தன் முகவரியை முடிந்து வைத்திருந்தது.
இன்னொன்று எடுக்க எடுக்க வந்தது.
தோண்டிப் பார்த்தால், தினம் விடிகாலை மூன்றுக்கு முளைக்கும்படி
தனக்குத்தானே ஷிப்ட் போட்டுக்கொண்டிருந்தது.

பதினான்காவதில் கை வைத்ததும்
"அத விட்டுரு தம்பி."
திறந்து காட்டினார்.
இருநூற்றுப் பதின்மூன்று படங்கள் தயார்,
முப்பத்தொன்பது டாலர் கட்டவும்.
தபால்தலை அளவில், கலங்கலாக,
ஒரு குழந்தை. தலைகீழாக. பாதி சாம்பலாக.
ஒரு எவர்சில்வர் தட்டு. ஒரு பெண்ணின் முழங்கை.
ராத்திரி ராத்திரி இதைத்தான் பார்த்திருக்கிறார்,
மேலே துள்ளும் சன்னல்களை
ஒவ்வொன்றாக மூடி மூடி.

"கார்டு எங்க?"
"கடைக்காரன் ஃபார்மட் பண்ணிட்டான்."

காசு கட்டினாலும் வராது. சொல்லவில்லை.
என் போனை எடுத்து லென்ஸைத் துடைத்தேன்.
அவர் பக்கம் பக்கமாக நகர்த்த
நான் திரையைப் படம் பிடித்தேன்.
எதிரொளி விழாதிருக்க
டியூப்லைட்டை அணைத்துவிட்டு நின்றான் பக்கீர்மைதீன்.
சோறு ஆறியது.
கடைசிப் பக்கத்தில் எங்கள் மூன்று பேர் தலையும் விழுந்திருக்கிறது.

பிறகு, அகற்று.
"எங்களை விட்டுப் போகிறீர்களே, ஏன்?" என்றது.
ஆறு காரணம், ஆறு வட்டம்.
போன மாதம் பன்னிரண்டு பேரை கம்பெனி ஊருக்கு அனுப்பியபோது
யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
லூர்துராஜ் கண்ணாடி மாட்டி
ஆறையும் படித்துவிட்டு
"மற்றவை" மேல் தட்டினார்.

அணைத்துப் போட்டோம். உலாவி திறந்தது.
வெள்ளை.
நடுவில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டுகிறது.
"ஒண்ணும் வரலியே, கெட்டுப்போச்சா?"
"இல்லண்ணே, இப்படித்தான் இருக்கணும்."
நம்பாமல் இன்னொரு தரம் மூடித் திறந்தார்.

அஹ்மதி கோயிலில் தமிழ்ப் பூசை.
கீழே வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான்.
சட்டைக்குள் கை நுழைத்துக்கொண்டே கேட்டார்:
"அந்த முழங்கை இருந்த படம்
சரியா விழுந்துச்சா தம்பி?"