தாயின் பெயர் முதலில்

பேக்‌ஷாட்டைத் தாண்டி, பைன் மரங்களுக்குப் பின்னால்
பழைய நாற்றுப்பண்ணை.
மண் முழுக்க மணல்; வாயில் போட்டால் புளிக்குமாம்.
எனக்கு ஒரு ரம்பமும் கையுறையும் தந்தார்கள்.
வாரம் நான்கு நாள் ரோடோடென்ட்ரான் வேலை.

கொட்டகை அலமாரியில் எலி கடித்த கணக்குப் புத்தகம்.
ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பது, மார்ச்.
ஹெஸ்டர் டில்பரியின் கோழிக்கிறுக்கல்.

இமயத்து விதையில் வந்த சிவப்பு
மார்ச்சிலேயே பூத்துவிடும், அவசரக்குடுக்கை.
ஒரே இரவுப் பனியில் இதழெல்லாம் வெந்த கீரை.
அமெரிக்க மலையிலிருந்து வந்தது
எந்தக் குளிருக்கும் அசையாது;
நிறம்தான் சாயம்போன ஊதா,
அதுவும் ஜூனில்தான்.

இரண்டும் சந்திக்கவே வழியில்லை.
சிவப்பின் மகரந்தத்தைத் தாளில் மடித்து
அடுப்புக்கு மேல் தட்டில், உப்புக்குப் பக்கத்தில்,
பத்து வாரம் வைத்திருந்தாள் ஹெஸ்டர்.
மிளகென்று நினைத்து அவள் கணவன்
முட்டையில் தூவப் போன காலையும்
தேதியோடு இருக்கிறது.

ஜூன்.
விரியாத மொட்டைப் பிரித்து
ஆண் இழைகளைச் சாமணத்தால் பிடுங்கி
தூரிகையால் ஒரே தொடுதல்.
மேலே மஸ்லின் முக்காடு,
தேனீக்கள் அழைக்கப்படாத கல்யாணம்.

விதையோ வெறும் தூசி.
ஒரு தும்மலில் வம்சமே போய்விடும்.
பிறகு பதினோரு வருடம்
இலை, இலை, இலை.
இரண்டு பிரசவம், ஒரு சாவு, ஒழுகும் கூரை
எல்லாம் ஓரக்குறிப்பில்.
பூத்த நாற்பதில் முப்பத்தெட்டைத் தீயில் போட்டாள்,
'சேற்று நிறம்' என்று.
மீதி இரண்டில் ஒன்றுக்கு மட்டும் அடிக்கோடு,
தாள் கிழிகிற அளவுக்கு.

ஒட்டுச்செடிக் கணக்கை எழுதும் முறை இது:
தாய், பெருக்கல் குறி, தந்தை.
தாயின் பெயர் முதலில்.

முப்பத்து நான்கு வருடமாக
அப்பாவின் முதலெழுத்து எனக்கு முன்னால் நடந்தது.
இந்த நாட்டில் அது பின்னால் போய், நீண்டு,
சம்பளச் சீட்டில் நான் மிஸ் குழந்தைவேலு.
பென்சிலால், கடைசிப் பக்கத்தில், எழுதிப் பார்த்தேன்:
அலர்மேலு × குழந்தைவேலு.
ஊதி அழித்தேன். அழியவில்லை.

வெளியே ஹெஸ்டரின் சிவப்பு இன்னும் நிற்கிறது
பாதியாக.
சீக்கிரம் வளரட்டுமென்று யாரோ அதைப்
பாண்டிக்கம் வேரில் ஒட்டிவைத்தார்கள்.
வேர் பொறுமையாக இருந்தது,
நூறு வருடம், அதற்கு மேலும்.
இப்போது அடியிலிருந்து தன் ஊதாவை
அனுப்பிக்கொண்டே இருக்கிறது.
அதை அறுக்கத்தான் எனக்குக் கூலி.

வேர் யாருடையது என்று எழுத
புத்தகத்தில் கட்டம் இல்லை.

இன்று பதினேழு கிளை அறுத்தேன்.
பதினெட்டாவதில் மொட்டு இருந்தது.
திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.