இரண்டு அங்குலம்

முதல் இரவே தெரிந்துவிட்டது,
பஜேரோ இனி வீட்டுக்குள் வராது.
கீழ்த்தள வாசலில் மஞ்சளும் கறுப்பும் பூசிய உத்தரம்
கூரைக் கம்பியில் கிரீச்சிட்டது.
ஜினதாச டோர்ச் அடித்துப் பார்த்தார்,
காவலுக்கு வந்த பதினொரு வருடத்தில்
இப்படியொரு வழக்கு அவருக்கும் புதிது.
“மிஸ், காத்தக் கொஞ்சம் எறக்குங்க.”
நான்கு சில்லுக்கும் குந்திக் குந்தி
வால்வு முனையைத் திறப்பால் அழுத்தினேன்.
காசு கொடுத்து ஏற்றிய உயரத்தில்
ஒரு விரற்கடை
உஸ்ஸென்று வெள்ளவத்தைக் காற்றோடு போனது.
காலை ஆறரைக்கு மின்பம்பு.
இரண்டாம் மாடிக் குழந்தை
அந்தக் கத்தலில்தான் எழும்புகிறதாம்.

பஞ்சிகாவத்தையில் முஸாதிக் கேட்டிருந்தான்:
“எங்க போகப் போறீங்க? யாலயா, நக்கிள்ஸா?”
“மருதானை. கந்தோருக்கு.”
அவன் சிரிக்கவில்லை,
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கீழே நுழைந்தான்.
பதினாறு வருடம் பக்கத்து இருக்கையில்
வரைபடம் மடித்தவள் நான் என்பதை
அவனிடம் சொல்வானேன்.

முன்னால், முறுக்குக் கம்பியின் போல்ட்டில் ஆறு சுற்று.
பின்னால், பட்டைகளுக்கு நடுவே இன்னொரு பட்டை,
ஏதோ ஒரு கென்டர் லொறியில் கழற்றியது,
சீமெந்தோ வெங்காயமோ சுமந்த வளைவு அதில் மிச்சம்.
பிறகுதான் தொடங்கியது.
பிரேக் குழாய் எட்டவில்லை.
ஸ்டியரிங் எதையோ நினைத்துக்கொண்டு இடதுபக்கம் இழுத்தது.
முன்சில்லின் ரப்பர் உறை வெடித்து
கிரீஸ் உட்புறமெல்லாம் அப்பியது.
அறுபதில் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம்.
“ஷாஃப்ட் சரிஞ்சு நிக்குது. ஆப்பு வெச்சாச் சரி.”
அந்தச் சொல்லை நல்ல பொருளில்
அன்றுதான் கேட்டேன்.
“ஒண்டத் தூக்கினா மத்ததெல்லாம்
என்னயும் எண்டு கேக்கும் மிஸ்.
ஐநூறு கிலோமீற்றர் ஓடிட்டு வாங்க,
யூ போல்ட் திரும்ப இறுக்கணும்.”
காலி வீதி நெரிசலில் ஐநூறு என்பது
ஒன்றரை மாதம்.

அந்த ஒன்றரை மாதம் முடிந்த மாலைதான் மழை.
இறுக்கிக்கொண்டு திரும்புகிறேன்,
ஆமர் வீதி வாய்க்காலாகியிருந்தது.
முச்சக்கரவண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்,
செருப்பைக் கைப்பிடியில் கொழுவியபடி.
நான் நாலு சில்லையும் இழுக்கவிட்டு
கியரை லோவில் போட்டு
காலில் ஈரமில்லாமல் போனேன்.
மறைக்கமாட்டேன், சந்தோசமாகத்தான் இருந்தது.
பின்கண்ணாடியில் பார்த்தேன்:
என் வண்டி பெற்ற அலை
நடைபாதை ஏறி ஒரு பலசரக்குக் கடைக்குள் போனது.
மா மூட்டைகளைக் கடைக்காரர்
இரண்டு செங்கல் உயரத்தில் அடுக்கியிருந்தார்.
அவரும் தூக்கித்தான் வைத்திருந்தார்.
மன்னிப்புக் கேட்டுக் கையை உயர்த்தினேன்.
அந்த உயரத்திலிருந்து அது
டாட்டா காட்டுவதுபோல் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அங்கே பஸ்ஸில் போனேன்.
நனைந்த மா வாசலில் சாக்கின்மேல்
கட்டி கட்டியாகக் காய்ந்துகொண்டிருந்தது.
இரண்டு கிலோ பருப்பு, ஒரு சவர்க்காரம்,
தேவையில்லாத தும்புத்தடி ஒன்று.
மிச்சக்காசை எண்ணித் தந்தார்.
தரையில் நின்றவளை
அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஞாயிறு, டிஃப் எண்ணெய் மாற்ற
அட்டைப்பெட்டியை விரித்து மல்லாந்து நுழைந்தேன்.
தோள் இப்போது தாராளமாய்ப் போகிறது.
மூடி கழன்றதும் வழிந்தது பால்தேத்தண்ணி.
எல்லாவற்றையும் உயர்த்திய நாங்கள்
அச்சு மூச்சுவிடும் சின்னக் குழாயைக்
கீழேயே விட்டிருந்தோம்;
சூடேறிய இரும்பு குளிர்ந்தபோது
வீதித் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது.
இரண்டடி ரப்பர் குழாய், ஒரு கிளிப்:
முஸாதிக்கிடம் கேட்கக் குறித்துக்கொண்டேன்.
ஐஸ்கிரீம் டப்பா நிறைந்தது.
டோர்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன்.
மேலே வெள்ளையாக ஏதோ மிதந்தது.
மாவாக இருக்க முடியாது.
இருக்கவே முடியாது.